வாய்க்கால் கரையும் வழிப்போக்கரும்

ஓர் ஊரின் செல்வத்தை அறிய விரும்புவோர் அவ்வூர்க் கடைவீதியைப் பார்க்கலாம்; கல்வியை அறிய விரும்புவோர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம். பொதுப் பொருளிடத்தில் அவ்வூர் மக்களுக்கு எவ்வளவு பற்று உண்டு என்பதை அறிய விரும்புவோரோ, ஒருவருக்கும் தனியுடைமை ஆகாமல் எல்லோர்க்கும் பயன்படுகின்ற நடைபாதையைத்தான் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலமிடும் குடும்பங்கள் நம் நாட்டில் இன்றும் உண்டு. அக்குடும்பத்தாரே வாசலைத் தாண்டிப் பத்து அடி நடந்ததும், கையிலிருக்கும் உறையைக் கிழித்துப் பாதையோரத்தில் எறிந்துவிட்டுச் செல்வதையும் காண்கிறோம். தனக்கென்று உள்ள இடத்தில் இருக்கும் தூய்மை, தனக்கும் பிறர்க்கும் பொதுவான இடத்தில் இல்லாமற் போவதேன்? கூட்டுறவில் நம்பிக்கை கொண்ட நாம் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பொதுப் பொருளைத் தன் பொருளாகப் பேணுவதே கூட்டுறவின் உயிர்நாடி அன்றோ?

ஈரோட்டு வட்டாரத்தில் காலிங்கராயன் வாய்க்கால் கரையோரமாகச் செல்லும் பாதையின் ஒரு சிறு பகுதியில், நெசவாளர் சிலரும் உழவர் சிலரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடிக் குப்பை பொறுக்கி வருகிறோம். அப்பணியில் கண்டவற்றையும், போவோர் வருவோரைக் கவனித்ததில் விளங்கியவற்றையும் நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வாய்க்கால், புதிய குப்பை

காலிங்கராயன் வாய்க்காலின் பெருமையைக் கொங்கு நாட்டில் அறியாதார் இலர். பவானி ஆறு காவிரியோடு கூடுமிடத்திற்கு அருகில் அணை கட்டி, அங்கிருந்து ஏறத்தாழ 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர் தூரம் இவ்வாய்க்கால் கொண்டு செல்லப்பட்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்னும் தலைவன் இதனை வெட்டுவித்தான். பாம்பு ஒன்று ஊர்ந்து சென்ற தடத்தைப் பின்பற்றியே வாய்க்காலுக்கு வழி குறித்தனர் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. வளைந்து வளைந்து செல்லும் அதன் போக்கைக் காண்போர்க்கு அக்கதை பிறந்த காரணம் விளங்கும். 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதனால் பாசனம் பெறுகிறது. நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளைகின்றன.

இத்தகைய வாய்க்காலின் கரைப் பாதை உழவனுக்கு வயலுக்குச் செல்லும் வழி. நெசவாளனுக்குப் பாவும் ஊடையும் வாங்கச் சங்கத்திற்குச் செல்லும் குறுக்கு வழி. மாணவர்க்குப் பள்ளி செல்லும் வழி. மருத்துவர் சொற்படி நடப்போர்க்குக் காலை உலாவும் வழி. இத்தனை பேர் கால் படும் பாதையில் இன்று கிடப்பவை யாவை? தண்ணீர்ப் புட்டிகள், தேநீர்க் குவளைகள், பாக்கு உறைகள், ஷாம்புப் பொட்டலங்கள், பலகார உறைகள், மதுப் புட்டிகள், பிளாஸ்டிக் பைகள் ஆகியவையே பெரும்பாலானவை. நம் பாட்டனார் காலத்திலும் பாதையோரத்தில் குப்பை இருந்தது. ஆனால் அது வாழை இலையும், தேங்காய் நாரும், பனையோலைப் பட்டையும், காகிதத் துண்டுமாக இருந்தது. மழை பெய்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். இக்காலத்துக் குப்பையோ மண்ணாவதில்லை. காற்றடித்தால் வாய்க்காலில் விழுகிறது. வாய்க்காலிலிருந்து மதகு வழியாக மடைக்கும், மடையிலிருந்து வயலுக்கும் செல்கிறது.

வயலுக்குச் சென்ற பிளாஸ்டிக் தாள் மண்ணுக்குள் புதைந்து, நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கிறது. உழும்போது சுழல்கலப்பையில் சுற்றிக்கொள்கிறது. கால்நடைகளின் கதி இதனினும் பரிதாபமானது. உணவின் வாசனை ஒட்டியிருக்கும் பையை மாடு பையோடு தின்றுவிடுகிறது. தின்றது செரிப்பதில்லை, வெளிவருவதும் இல்லை, முதல் இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து, 52 கிலோ பிளாஸ்டிக்கை மருத்துவர்கள் வெளியே எடுத்தனர். ஒரு மனிதனின் எடைக்கு நிகரான குப்பையை வயிற்றில் சுமந்துகொண்டு அப்பசு எத்தனை காலம் நடந்ததோ! கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பத்திற்கு, பாதையோரத்துப் பை வெறும் அழகுக் கேடு மாத்திரம் அன்று. பொருள் நஷ்டமும் உயிர் நஷ்டமும் ஆகும்.

பணி நடைபெறும் முறை

இப்பணிக்குப் பெரிய முதலீடு ஏதும் வேண்டுவதில்லை. ஆளுக்கு ஒரு நீண்ட இடுக்கி, தடித்த கையுறை, இரண்டு சாக்குகள், காலுக்குச் செருப்பல்லாத மூடிய ஜோடு ஆகியவை போதும். ஒரு சாக்கில் விலைபோகும் பொருள்களையும், மற்றொன்றில் விலைபோகாதவற்றையும் இடுகிறோம். தண்ணீர்ப் புட்டிகளையும் தகரத்தையும் பழைய இரும்புக் கடையினர் எடுத்துக்கொள்கின்றனர். பல படலங்களை ஒட்டிச் செய்யப்பட்ட பளபளப்பான பலகார உறைகளையும் ஷாம்புப் பொட்டலங்களையும் எவரும் வாங்குவதில்லை. அவற்றை உள்ளாட்சியின் குப்பை வண்டியில் சேர்ப்பிக்கிறோம். உடைந்த கண்ணாடிக்குத் தனியே ஒரு பழைய வாளி உண்டு. ஊசி முதலிய மருத்துவக் கழிவுகளைக் கையால் தொடுவதே இல்லை. அவற்றைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு துப்புரவு மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்கிறோம். புதரில் கை வைக்குமுன் தடியால் தட்டிப் பார்ப்பது கட்டாயம். பாம்பு கதையில் மட்டும் வருவதன்று. வாய்க்காலில் நீர் ஓடும் நாட்களில் கரையோடு நின்றுவிடுகிறோம். நீர் நிறுத்தப்படும் நாட்களில்தான் உள்ளே இறங்குகிறோம். சேர்த்த குப்பையை ஓரிடத்தில் குவித்துத் தீயிடுவது எளிதாகத் தோன்றலாம். ஆயினும் பிளாஸ்டிக்கை எரித்த புகை நஞ்சாதலால் அதனை அறவே விலக்கியிருக்கிறோம்.

இவற்றோடு ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். என்ன பொருள், எந்த இடத்தில் கிடந்தது என்று வகைவாரியாகக் கோடிட்டு வருகிறோம். இது நாம் புதிதாகக் கண்ட முறையன்று. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலக் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கூடிய தொண்டர்கள், தாம் பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்து வைத்தனர். இன்று உலக நாடுகள் பலவற்றில் ஆண்டுதோறும் நடைபெறும் கடற்கரைத் துப்புரவு அதிலிருந்து வளர்ந்ததேயாகும். கணக்கு வைக்காத சங்கம் நிலைக்காது என்பது நாம் அறிந்த உண்மை. குப்பைக்கும் அது பொருந்தும். எண்ணிப் பார்த்தாலன்றி எது, எங்கிருந்து, ஏன் வருகிறது என்பது புலப்படாது.

குறிப்பேட்டிலிருந்து முதலில் புலப்பட்டது, குப்பை பாதை முழுதும் ஒரே சீராகக் கிடப்பதில்லை என்பதாகும். கடையிலிருந்து ஒருவர் பலகாரம் வாங்கித் தின்றுகொண்டே நடந்தால், பொட்டலம் தீர எவ்வளவு தூரம் ஆகுமோ அவ்வளவு தூரத்தில் உறைகள் மிகுதியாகக் கிடக்கின்றன. வேம்பின் நிழல், படித்துறை, சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆகிய உட்காரும் இடங்களில் குவளைகள் கிடக்கின்றன. விளக்கு வெளிச்சம் எட்டாத திருப்பத்தில் மதுப் புட்டிகள் கிடக்கின்றன. குப்பை மனிதரின் நடையையும் ஓய்வையும் நிழலைப் போல் தொடர்கிறது எனலாம்.

போவோர் வருவோர்

குனிந்து பொறுக்குபவனுக்குப் போவோர் வருவோரைக் கவனிக்க நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. அவர்களை நாம் பெயர் சொல்லிக் குறைகூறப் போவதில்லை. நம்மில் பலரும் ஏதேனும் ஒரு பாதையில் அவர்களைப் போன்ற வழிப்போக்கரே. வகைகளை மட்டும் சொல்லலாம்.

முதல் வகையினர் கண்டும் காணாதவர்போல் வாய்க்காலின் மறுகரையை உற்று நோக்கிக்கொண்டே கடந்து செல்வர். நம்மைப் பார்த்துவிட்டால் ஏதேனும் பேச வேண்டிவரும் என்ற கூச்சமே இதற்குக் காரணம்.

இரண்டாம் வகையினர் நடையை நிறுத்தாமலேயே பாராட்டுவர். "ரொம்ப நல்ல காரியமுங்க, விடாமச் செய்யுங்க" என்று சொல்லிக்கொண்டே போவர். அச்சொல்லிலும் நன்மை உண்டு. அடுத்த வாரம் அவர்களில் சிலர் நடையைக் குறைத்து, அதற்கடுத்த வாரம் நின்று, பின்னர் காலடியில் கிடக்கும் ஒரு புட்டியையாவது எடுத்துச் சாக்கில் போட்டுச் செல்வதைக் கண்டிருக்கிறோம்.

மூன்றாம் வகையினர் ஐயம் கொள்வோர். இதற்குப் பின்னால் தேர்தலோ, விளம்பரமோ, வேறு ஆதாயமோ இருக்குமென்று எண்ணுவர். தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு மூதாட்டி நின்று நிதானமாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, இதுக்கு என்ன கூலி குடுக்கறாங்க?" "கூலி ஏதுங்க ஆத்தா, நம்ம வாய்க்கால்தானுங்களே" என்றோம். அவர் சற்று யோசித்தார். "கூலியில்லாத வேலைய எத்தன நாளைக்குச் செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். தொண்டு பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவற்றிலும் இதைவிடக் கூர்மையான கேள்வி இருக்குமென்று தோன்றவில்லை.

நான்காம் வகையினர் சிறுவர். இவர்களிடம் கூச்சமும் இல்லை, ஐயமும் இல்லை. இடுக்கியைக் கண்டவுடன் அது வேண்டும் என்பர். யார் அதிகம் பொறுக்குவது என்று போட்டி ஏற்பட்டுவிடும். கூர்மையான பொருள்களை அவர்கள் அணுகாமல் பார்த்துக்கொள்வதே பெரியவர்க்கு வேலையாகிவிடும். தாம் பொறுக்கிய இடத்தில் பின்னர் ஒருவர் உறையை எறியக் கண்டால், "அண்ணா, அதை இப்பத்தான் எடுத்தோமுங்க" என்று அச்சிறுவர் சொல்லும்போது, கேட்பவர் மறுபேச்சின்றி எடுத்துக்கொள்கிறார். அதே சொல்லைப் பெரியவர் சொன்னால் சச்சரவு விளைந்திருக்கும்.

ஐந்தாம் வகையினரே நமக்கு மிகுந்த ஊக்கம் தருவோர். கையில் தீர்ந்துபோன பொட்டலத்தோடு வருவார். எறியக் கை ஓங்குவார். நம்மைக் கண்டவுடன் கையை இறக்கிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு சொல்லும் பேசப்படவில்லை. ஆயினும் ஒரு பாடம் நடந்து முடிந்துவிடுகிறது.

ஆராய்ச்சியாளர் கண்டவை

இவ்வைந்தாம் வகையினரின் செயலுக்கு ஆதாரமான ஆராய்ச்சிகளும் உண்டு. அமெரிக்க உளநூலறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய துணைவர்களும் 1990-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். மோட்டார் கார்கள் நிறுத்தும் கட்டடம் ஒன்றில், ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும் ஒரு துண்டுப் பிரசுரத்தைச் செருகி வைத்தனர். தரை தூய்மையாக இருந்தபோது, காருக்குத் திரும்பியவர்களில் 100-க்கு 14 பேர் பிரசுரத்தைக் கீழே எறிந்தனர். தரையில் முன்பே குப்பை பரப்பி வைத்திருந்தபோது 100-க்கு 32 பேர் எறிந்தனர். குப்பை குப்பையை அழைக்கிறது என்பது இதனால் தெளிவாகும்.

அதனினும் வியப்பான முடிவு ஒன்று உண்டு. அவர்கள் ஏற்பாடு செய்த ஓர் ஆள், வருவோர் கண்ணெதிரே வேண்டுமென்றே ஒரு தாளைக் கீழே போட்டுச் சென்றான். குப்பை நிறைந்த தரையில் அதைக் கண்டவர்களில், எறிவோர் 100-க்கு 54 ஆக உயர்ந்தனர். தூய தரையில் அதே செயலைக் கண்டவர்களிடையேயோ 100-க்கு 6 ஆகக் குறைந்தனர்! தூய்மையான இடத்தில் ஒருவன் தவறு செய்தால், காண்போர்க்கு அத்தவறு பளிச்சென்று புலனாகிறது. இவ்விடத்தில் யாரும் இவ்வாறு செய்வதில்லை என்ற எண்ணம் வலுப்பெறுகிறது. அழுக்கான இடத்திலோ, எல்லோரும் செய்வது இதுதான் என்ற எண்ணமே வலுப்பெறுகிறது.

மற்றோர் ஆராய்ச்சி 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெஸ்லி ஷுல்ட்ஸ் என்பாரும் துணைவர்களும் அமெரிக்காவில் 130 இடங்களில் மறைந்திருந்து, 9,757 பேரின் நடத்தையைக் கவனித்தனர். கைப்பொருளைக் கழித்துவிட்ட நிகழ்ச்சிகளில் 100-க்கு 17, குப்பையாகக் கீழே எறியப்பட்டவை. முன்பே குப்பை கிடந்த இடத்திலும், குப்பைத் தொட்டி தொலைவில் இருந்த இடத்திலும் எறிவது மிகுந்திருந்தது.

இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, நீண்ட பாதையை அரைகுறையாகச் சுத்தம் செய்வதைவிட, குறுகிய பகுதியை முற்றிலும் சுத்தம் செய்வதே மேல். இரண்டாவது, ஆள் நடமாட்டம் உள்ள வேளையிலேயே வேலை நடைபெற வேண்டும். பொறுக்கிய குப்பையைவிடப் பொறுக்கும் காட்சியே நெடுநாள் பயன் தருவது. மூன்றாவது, தொட்டி வைப்பதானால், பொட்டலம் தீரும் இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் அதனை ஒழுங்காகக் காலி செய்ய உள்ளாட்சியோடு ஏற்பாடு செய்துகொண்ட பின்னரே வைக்க வேண்டும். நிரம்பி வழியும் தொட்டி, "இங்கே எறியலாம்" என்று எழுதி வைத்த பலகைக்குச் சமானம்.

"அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்"

வழிப்போக்கர் கூறும் சொற்களில் மிகுதியாக நம் காதில் விழுவது, "இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே, உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்பதுதான். இரக்கத்தோடு கூறப்படும் இச்சொல்லுக்குள் பழைய நஞ்சு ஒன்று கலந்திருக்கிறது. அந்த "ஆட்கள்" யார்? பிறர் எறிந்ததை எடுப்பதற்கென்றே ஒரு கூட்டம் பிறந்திருப்பதாக எண்ணும் மனப்பான்மை அன்றோ எறிபவனின் கைக்குத் துணிவு தருகிறது? குப்பை எறிவது சிறுமையன்று, எடுப்பதே சிறுமை என்று கருதும் சமுதாயத்தில் பாதை எங்ஙனம் தூய்மையாகும்?

1901-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அங்கிருந்த கழிப்பிடங்களின் அசுத்தத்தைக் கண்டு காந்தியடிகள் தொண்டர்களிடம் முறையிட்டார். அது தங்கள் வேலையன்று, தோட்டியின் வேலை என்று அவர்கள் விடையிறுத்தனர். அடிகள் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். இதனைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மராட்டிய நாட்டில் காட்கே பாபா என்னும் பெரியார் (1876–1956) எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும் முதலில் துடைப்பத்தால் தெருவைப் பெருக்குவார். இரவில்தான் கீர்த்தனை செய்வார். சொல்லுக்கு முன் செயல் என்பது அவர் முறை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொண்டர்கள் பொறுக்குகிறார்கள் என்பதைக் காரணமாகக் காட்டித் துப்புரவுத் தொழிலாளரின் எண்ணிக்கையையோ ஊதியத்தையோ குறைக்க ஒருபோதும் இடம் தரலாகாது. தெருவும் சாக்கடையும் நாள்தோறும் துப்புரவாவது அவர்களுடைய உழைப்பால். அவ்வுழைப்புக்கு நல்ல கூலியும், கையுறையும், ஜோடும், மரியாதையும் உரியன. வாரத்தில் ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தவனுக்கே, ஆண்டு முழுதும் குனிபவரின் முதுகுவலி புரியும். இப்பணியால் நமக்குக் கிடைக்கும் பெரும்பயன் இப்புரிதலே என்றுகூடச் சொல்லலாம்.

நம் தொழிலின் குப்பை

கரையில் கிடப்பவை அனைத்தும் வழிப்போக்கர் எறிந்தவை அல்ல. குறிப்பேட்டின் ஒரு பக்கம் முழுதும் நெசவுக்கும் உழவுக்கும் உரிய பொருள்களே நிறைந்துள்ளன. நூற்கோன்களைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறைகள், உடைந்த கோன்கள், பாலியெஸ்டர் நூற்கழிவு ஆகியவை தறிக்கொட்டகைகளிலிருந்து வந்தவை. பருத்தி நூற்கழிவு நாளடைவில் மட்கும், பாலியெஸ்டர் மட்காது. மைனாவின் காலிலும் ஆட்டின் குளம்பிலும் அது சுற்றி இறுகுகிறது.

உழவர் பக்கத்திலிருந்து வருபவை மேலும் ஆபத்தானவை. பூச்சிமருந்துப் புட்டிகளை வாய்க்கால் நீரிலேயே கழுவிக் கரையில் எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அடுத்த மடையில் அந்நீரையே மாடு குடிக்கிறது. தீர்ந்த புட்டியில் சிறிது நீர் விட்டு மூடிக் குலுக்கி, அக்கழுநீரைத் தெளிப்பானின் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்தால் மருந்தும் வீணாகாது, புட்டியும் பெரிதும் நஞ்சு நீங்கும். பின்னர் அதனை எவரும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தாவண்ணம் துளையிட்டுத் தனியே வைத்துச் சேர்ப்பிக்க வேண்டும். கிழிந்த மூடாக்குத் தாள், பழுதான சொட்டுநீர்க் குழாய், உரச்சாக்கு ஆகியவற்றையும் வரப்பில் விடாமல் பழைய பொருள் வாங்குவோரிடம் சேர்ப்பதே முறை. பிறர் எறியும் உறையைக் கண்டிக்கும் உரிமை, தன் தொழிலின் கழிவைத் தானே பொறுப்பேற்பவனுக்கே உண்டு.

சட்டமும் மஞ்சள் பையும்

பொறுக்குவதனால் மாத்திரம் குப்பை ஒழியுமா என்று கேட்போர் உளர். ஒழியாது. குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை. குழாயையும் மூட வேண்டும். பிற நாட்டாரும் இவ்விரண்டையும் சேர்த்தே செய்தனர். இங்கிலாந்தில் 1954-ஆம் ஆண்டில் மாதர் சங்கங்களின் மகாநாட்டில் நிறைவேறிய தீர்மானத்திலிருந்து நாட்டைத் தூய்மையாக வைக்கும் இயக்கம் பிறந்தது. 1958-ஆம் ஆண்டில் குப்பை எறிவோர்க்கு 10 பவுன் வரை அபராதம் விதிக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. கிராமத்து மாதர் தொடங்கினர், பாராளுமன்றம் பின்தொடர்ந்தது.

நம் தமிழ்நாட்டில் ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1-ஆம் தேதி முதல் தடை செய்யப்பட்டன. கைப்பைகளும், தேநீர்க் குவளைகளும், உணவு கட்டும் தாள்களும் அவற்றுள் அடங்கும். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை அரசு தொடங்கிற்று. மதுக்கடையில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திருப்பித் தரும் திட்டம் 2022 மே மாதத்தில் நீலகிரியில் தொடங்கிப் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிக்கப்பட்டது. விலையுள்ள பொருளை எவரும் எறிவதில்லை. எறிந்தாலும் வேறொருவர் எடுத்துக்கொள்வார். முன்னாளில் சோடாப் புட்டியை நாம் கடையிலேயே திருப்பிக் கொடுத்ததும் இதே தத்துவத்தால்தான்.

மஞ்சள் பையைப் பற்றி நெசவாளர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருமணத்திற்குச் சென்று தாம்பூலத்தோடு பெற்றுவந்த அப்பையை ஆண்டுக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்திய குடும்பங்கள் நம்முடையவை. அது கடைவீதியை விட்டு நீங்கியபோது ஒரு பழக்கம் நீங்கியதோடு, தறிக்கும் தையலுக்கும் உரிய ஒரு பிழைப்பும் சுருங்கிற்று. கரையில் கிடக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும், நெய்யப்படாமற் போன ஒரு துணிப்பை என்று எண்ணிப் பார்த்தால், குப்பை பொறுக்குவதற்கும் கைத்தறிக்கும் உள்ள உறவு விளங்கும். எனினும் துணிப்பையையும் ஒரே நாளில் எறிந்துவிட்டால் பயனில்லை. பருத்தி விளைய நீரும், நூற்க மின்சாரமும், சாயமிட உழைப்பும் செலவாகியிருக்கின்றன. பலமுறை பயன்படுத்தும்போதுதான் அச்செலவுக்கு நியாயம் உண்டு.

குடிமராமத்து

வாய்க்காலைப் பொதுவில் பேணுவது நமக்குப் புதிதன்று. பாசனம் பெறுவோர் ஆண்டுதோறும் கூடி ஏரி குளங்களையும் கால்வாய்களையும் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கத்தார் சென்னை மாகாணத்திற்கென ஒரு சட்டம் இயற்றி, இவ்வழக்கத்தைக் கட்டாய உழைப்பாக்கினர். கட்டாயத்தில் பழைய பற்று நிலைக்கவில்லை. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு அப்பெயரிலேயே நீர்நிலைகளைச் சீர்செய்யும் திட்டம் ஒன்றை மீண்டும் தொடங்கிற்று. மண்ணைத் தூர்வாரிய முன்னோர்க்குப் பிளாஸ்டிக் தெரியாது. இக்காலத்துக் குடிமராமத்தில் மண்வெட்டியோடு இடுக்கிக்கும் இடம் தர வேண்டும்.

"கூலியில்லாத வேலையை எத்தனை நாளைக்குச் செய்வீர்கள்?" என்ற மூதாட்டியின் கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். தனி மனிதரின் ஆர்வம் சில மாதங்களில் தளரும் என்பது மெய்யே. மழைக்காலம் வரும்; விசேஷ நாட்கள் வரும்; அறுவடை வரும். ஆகையினால் ஆர்வத்தை நம்பாமல் ஏற்பாட்டை நம்ப வேண்டும். கூட்டுறவு பிறந்ததே அவ்வாறுதான். ஒருவர் வராத வாரத்தில் மற்றொருவர் வருமாறு முறை வகுத்துவிட்டால் வேலை நில்லாது.

ஆகவே கரையோரச் சங்கங்களின் முன் சில யோசனைகளை வைக்கிறோம். ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையில் ஒரு பர்லாங் கரையை ஏற்றுக்கொள்ளட்டும். உறுப்பினர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு மாதத்தில் ஒரு காலை, அதிலும் ஒரு மணி நேரம் மட்டுமே வரும். இடுக்கியும் கையுறையும் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து வாங்கலாம். மகாசபைக் கூட்டத்தில் காகிதக் குவளையை விடுத்து எவர்சில்வர் டம்ளரில் தேநீர் வழங்கலாம். நூற்கோன் உறைகளையும் மருந்துப் புட்டிகளையும் திரும்பப் பெற்றுச் சேர்க்கச் சங்கக் கிடங்கின் ஒரு மூலையை ஒதுக்கலாம். குறிப்பேட்டை ஆண்டறிக்கையோடு சேர்த்துப் படிக்கலாம். எது குறைந்தது, எது கூடியது என்பதை உறுப்பினர் அனைவரும் அறிவர்.

வாய்க்காலின் 56 மைலுக்கு 448 பர்லாங்குகள் ஆகின்றன. எல்லாவற்றையும் ஏற்க ஆட்கள் முன்வருவரா என்று மலைக்க வேண்டுவதில்லை. தூய்மையான ஒரு பர்லாங்கின் வழியே நாள்தோறும் நடப்பவர், அதன் எல்லை கடந்ததும் கிடக்கும் குப்பையைக் கண்டு முகம் சுளிப்பார். அச்சுளிப்பே அடுத்த பர்லாங்கின் முதல் தொண்டரை நமக்குத் தரும். வருகின்ற மாதக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக எடுத்துக்கொண்டு, எந்தப் பகுதியை ஏற்பது என்று தீர்மானிக்குமாறு சங்க நிர்வாகிகளையும் உறுப்பினர்களையும் வேண்டிக்கொள்கிறோம்.